வீட்டுக்கு ஒரு பிரிண்டர்: வாங்கும் விலையும் மைச் செலவும் சேர்த்துக் கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதியது இது. கடைக்குப் போய், விலை குறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மை தீர்ந்த அன்றுதான் பலரும் மையின் விலையைப் பார்க்கிறார்கள். கணக்கை முதலிலும் கடையைக் கடைசியிலும் வையுங்கள். கீழே உள்ள படிகளையும் இதே வரிசையில் செய்யுங்கள். முந்தைய படியில் கிடைக்கும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. ஒரு மாதத்துப் பக்கங்களை எண்ணுங்கள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். வீட்டில் யாருக்கு எது அச்சிட வேண்டியிருந்தாலும் அதில் எழுதட்டும்: தேதி, எத்தனை பக்கம், கறுப்பா வண்ணமா. கைபேசியிலேயே காட்டினால் போதும் என்றிருப்பதை எழுத வேண்டாம்.

எந்த மாதத்தில் எண்ணுகிறீர்கள் என்பதும் முக்கியம். டிசம்பர் விடுமுறையில் எண்ணினால் பூஜ்யம் வரும். ஜனவரியில் பள்ளி திறந்ததும் எண்ணினால் அளவுக்கு மீறி வரும். பிப்ரவரி அல்லது மே போன்ற சாதாரணப் பள்ளி மாதம் சரியாக இருக்கும். புரட்டாசிப் பூஜைக்குப் பாட்டுத் தாள், தைப்பூசக் காவடி அறிவிப்பு என்று வருடத்தில் ஓரிரு முறை மட்டும் வருவதைத் தனியே குறித்து, பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் மாதம் பத்துப் பக்கத்துக்குள் என்றால் பிரிண்டரே வாங்காதீர்கள். பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் பக்கத்துக்குச் சில ராண்ட் கொடுப்பது மலிவு. பத்துப் பக்கத்துக்காக வாங்கிய மை, அச்சிட்டுத் தீர்வதைவிடக் காய்ந்து வீணாவதே அதிகம்.

2. இரண்டு பிரிண்டுக்கு நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. மாதம் அறுபது பக்கம் என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வீடுகள் இருக்கலாம். ஒன்றில் தினமும் இரண்டு பக்கம். மற்றொன்றில் மாதக் கடைசியில் ஒரே நாளில் அறுபது பக்கம். முதல் வீட்டுக்கு இங்க்ஜெட் பொருந்தும். இரண்டாவது வீட்டில் அதே இங்க்ஜெட்டில் வரி வரியாக வெள்ளைக் கோடு விழும்.

இங்க்ஜெட்டின் மை திரவம். தலைமுடியைவிட மெல்லிய துளைகள் (நாசில்) வழியாக அது தெறிக்கிறது. பயன்படுத்தாமல் கிடந்தால் துளையின் வாயில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லேசர் பிரிண்டரில் மைக்குப் பதில் இருக்கும் டோனர் உலர்ந்த தூள் என்பதால், அந்தப் பிரிண்டர் மூன்று மாதம் சும்மா இருந்தாலும் அன்றைக்கே அச்சிடும்.

ஊரின் காற்றையும் சேர்த்து யோசியுங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. லெனேசியாவில் ஜூன், ஜூலையில் நாசில் சீக்கிரம் காயும், தாள்கள் நிலைமின்சாரத்தால் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாக இழுபடும். டர்பன் கரையோரத்தில் மை அவ்வளவு விரைவாகக் காயாது, ஆனால் கோடையில் தாள் ஈரம் குடித்து வளைந்து உள்ளே சிக்கும்.

கணக்குத் தாளில் இதையும் எழுதுங்கள்: அச்சிடாமல் போகும் மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள்?

3. இந்த இரண்டு எண்ணை வைத்து வகையை முடிவுசெய்யுங்கள்

மாடலை இன்னும் பார்க்க வேண்டாம். வகை மட்டும்.

மை டாங்க் (பாட்டிலிலிருந்து மை ஊற்றும் இங்க்ஜெட்): வாரத்துக்கு ஒரு முறையாவது அச்சிடுகிற, வண்ணம் தேவைப்படுகிற வீட்டுக்கு. எப்சனின் ஈகோடாங்க், கேனனின் மெகாடாங்க், எச்பியின் ஸ்மார்ட் டாங்க் ஆகியவை இந்த வகை. வாங்கும்போது விலை கூட. அதன் பிறகு மைச் செலவு மிகக் குறைவு.

கறுப்பு வெள்ளை லேசர்: எப்போதாவது அச்சிடுகிற, எழுத்து மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு. ஆவணங்கள், விண்ணப்பங்கள், கேள்வித்தாள்கள் இதில்தான் கூர்மையாக வரும்.

கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட் (மை நிரப்பிய சிறு பெட்டியை மாற்றும் வகை): பிரிண்டர் விலை மிகக் குறைவு, பக்கச் செலவு மிக அதிகம். மாதம் இருபது, முப்பது பக்கம், அதுவும் வாராவாரம் என்றால் மட்டும் கணக்குக்குச் சரிவரும். இதில் ஒரு நன்மையும் உண்டு. பல மலிவு மாடல்களில் ஹெட் (மை தெறிக்கும் துளைகள் உள்ள பகுதி) கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதால், அடைத்துக்கொண்டால் புதிய கார்ட்ரிட்ஜோடு புதிய ஹெட்டும் வந்துவிடும்.

வண்ண லேசரை வீட்டுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நான்கு டோனர்களும் ஒரே சமயத்தில் தீர்ந்தால் அந்தத் தொகைக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம்.

4. மையின் எண்ணை எழுதி, அதன் பக்க அளவைப் படியுங்கள்

இப்போது இரண்டு மூன்று மாடல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த மை என்று எழுதுங்கள். பிரிண்டரின் பெயரைவிட மையின் எண் முக்கியம். அடுத்த பல வருடங்களுக்குக் கடையில் நீங்கள் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

மை எண்களின் அறிவிக்கப்பட்ட அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எச்பி 305 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 120 பக்கம், அதே எண்ணின் மூவண்ணம் 100 பக்கம். 305 எக்ஸ்எல் கறுப்பு 240 பக்கம். எப்சன் 103 கறுப்புப் பாட்டில் 65 மி.லி., 4,500 பக்கம். எச்பி ஜிடி53 எக்ஸ்எல் கறுப்புப் பாட்டில் 135 மி.லி., 6,000 பக்கம். எச்பி 106ஏ டோனர் 1,000 பக்கம். 120-க்கும் 4,500-க்கும் உள்ள இந்த தூரத்தில்தான் உங்கள் பணம் போகிறது.

இந்த எண்களை அப்படியே நம்பாதீர்கள். இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்ற சோதனை முறை, கறுப்பு டோனருக்கு 19752. இரண்டிலும் ஒரே தொடர்ச்சியாக அச்சிட்டு அளக்கிறார்கள். வீட்டில் இன்று இரண்டு பக்கம், நாலு நாள் கழித்து ஒன்று என்று அச்சிடும்போது, நடுவே பிரிண்டர் தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் மையும் கழியும். இங்க்ஜெட்டுக்கு அறிவித்த எண்ணில் கால்பங்கைக் கழித்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

பக்கத்தில் எவ்வளவு இடம் மையால் மூடுகிறது என்பதும் உண்டு. கறுப்புச் சோதனைப் பக்கம் ஏறத்தாழ 5 விழுக்காடு மூடியது, அதாவது சாதாரணக் கடிதம். பக்கம் முழுக்க முருகன் படம் அச்சிட்டால் அது பல கடிதங்களின் மையைக் குடிக்கும். பிள்ளைகளுக்கு அ, ஆ பயிற்சித்தாள் என்றால், கறுப்பாக நிரப்பிய பெரிய எழுத்துக்குப் பதில் வெளிக்கோடு மட்டும் உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வண்ணம் தீட்டுவது பிள்ளைகளின் வேலையாகட்டும்.

மூவண்ணக் கார்ட்ரிட்ஜில் ஒரு பொறி இருக்கிறது: மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டும். டாங்க் வகையில் தீர்ந்த நிறத்தை மட்டும் ஊற்றலாம்.

5. மூன்று வருடச் செலவைக் கணக்கிடுங்கள்

கீழே உள்ள ராண்ட் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. கடையில் நீங்கள் பார்த்த விலையை அந்தந்த இடத்தில் போடுங்கள். பக்க அளவும் எளிமைக்காக அறிவித்தபடியே இருக்கிறது.

மாதம் 60 கறுப்புப் பக்கம் என்றால் மூன்று வருடத்துக்கு 60 × 36 = 2,160 பக்கம்.

கார்ட்ரிட்ஜ்: பிரிண்டர் 1,000 ராண்ட். 120 பக்கக் கார்ட்ரிட்ஜ் 280 ராண்ட், பக்கத்துக்கு 2.33 ராண்ட். 2,160 பக்கத்துக்கு 18 கார்ட்ரிட்ஜ், 5,040 ராண்ட். மொத்தம் 6,040.

லேசர்: பிரிண்டர் 2,500 ராண்ட். கூட வரும் டோனர் 500 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,660 பக்கத்துக்கு 1,000 பக்க டோனர் இரண்டு, ஒன்று 1,100 வீதம் 2,200. மொத்தம் 4,700.

டாங்க்: பிரிண்டர் 4,000 ராண்ட். பெட்டியோடு வரும் மையே ஏறக்குறையப் போதும்; கூடுதலாக ஒரு கறுப்புப் பாட்டில் 200. மொத்தம் 4,200.

இப்போது டாங்க் எங்கே மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜுக்கும் டாங்குக்கும் பிரிண்டர் விலை வித்தியாசம் 3,000 ராண்ட். டாங்கில் பக்கத்துக்கு மை சுமார் 4 சென்ட் என்பதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் மிச்சம் 2.29 ராண்ட். 3,000 ÷ 2.29 = 1,310 பக்கம். மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 36 அல்லது 37 பக்கம். உங்கள் எண் அதற்கு மேல், வாரத்துக்கு ஒரு முறையாவது அச்சிடுவீர்கள் என்றால் டாங்க். அதைவிட நன்றாகக் கீழே என்றால், இடைவெளியைப் பார்த்துக் கார்ட்ரிட்ஜோ லேசரோ.

தாளின் செலவு எல்லா வகைக்கும் ஒன்று என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆனால் 500 தாள் உள்ள ஒரு ரீம் 100 ராண்ட் என்றால் பக்கத்துக்கு 20 சென்ட். டாங்கில் மையைவிடத் தாளே ஐந்து மடங்கு! அதனால் டாங்க் வாங்குகிறவர்கள் இருபக்கமும் தானாக அச்சிடும் வசதி உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வீண்போகாது.

6. பெட்டியில் எழுதாத செலவுகளைக் கேளுங்கள்

டாங்க் பிரிண்டரில் சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேரும். அது நிறைந்துவிட்டதாகப் பிரிண்டர் கணக்கிட்டதும் அச்சிடுவதை நிறுத்திவிடும். சில மாடல்களில் அது கழற்றி மாற்றக்கூடிய தனிப் பெட்டி. கேனனின் சில ஜி வரிசை மாடல்களில் எம்சி-ஜி02 என்று தனியே கிடைக்கிறது. மலிவான மாடல்கள் பலவற்றில் பஞ்சு உள்ளேயே இருக்கும், சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

அடுத்தது ஹெட். எப்சனில் அது பிரிண்டரோடு நிரந்தரமாகப் பொருத்தியது. கெட்டுப்போனால் பழுதுபார்க்கும் செலவு பிரிண்டர் விலையை எட்டிப் பிடிக்கும். எச்பி, கேனன் டாங்க் மாடல்கள் பலவற்றில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். மாதக்கணக்கில் ஊருக்குப் போய்விட்டு வருகிற வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

லேசரில் டிரம் (டோனரைத் தாளுக்கு மாற்றும் உருளை) தனியாக இருக்கிறதா, டோனரோடு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தனி என்றால் சில டோனருக்கு ஒரு முறை அதையும் மாற்ற வேண்டும். அந்தத் தொகையைக் கணக்கில் ஏற்றுங்கள்.

மையின் தன்மையும் ஒரு செலவுதான். எப்சன் 103-ல் கறுப்பும் சாய மை. ஈரம் பட்டால் கலையும். எச்பி ஜிடி53 கறுப்பு பிக்மென்ட் வகை. தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். கோயிலில் கைக்குக் கை மாறும் தேவாரத் தாள் என்றால், அபிஷேகத் தண்ணீர் தொட்ட விரலோடுதான் எல்லோரும் புரட்டுவார்கள். அந்தத் தாளைப் பிக்மென்ட் கறுப்பிலோ லேசரிலோ அச்சிடுங்கள்.

7. மின்சாரத்தையும் வைஃபையையும் சரிபாருங்கள்

லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கித்தான் டோனரைப் பதிக்கிறது. சூடாகும் அந்தச் சில நொடிகளில் ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். லோட்ஷெடிங்குக்காக வாங்கிய சிறிய இன்வெர்ட்டரில் மாட்டினால் அது உடனே டிரிப் ஆகும். இங்க்ஜெட்டுக்குச் சில பத்து வாட் போதும். மின்வெட்டிலும் வேலை நடக்க வேண்டும் என்றால் இங்க்ஜெட்தான்.

ஆனால் இங்க்ஜெட்டுக்கு வேறு ஆபத்து. அச்சிடும் நடுவில் கரண்ட் போனால் ஹெட் பாதி வழியில் நின்றுவிடும். ஓய்வில் அது உட்கார வேண்டிய ரப்பர் மூடியில் உட்காராமல் திறந்தே கிடந்து காயும். கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஒரு முறை இயக்கி, ஹெட் தன் இடத்துக்குப் போனபின், பிரிண்டரின் பட்டனிலேயே அணையுங்கள். சுவர் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் இதே காரணத்தால் கெடுதல்.

வைஃபையில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே: மலிவான பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ஃபைபர் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் இணைப்பு பாதியில் விட்டுப்போகலாம். ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்து, 2.4-ல் இணையுங்கள். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைப் போடாதீர்கள்; பெரும்பாலான ரவுட்டர்கள் அதை வீட்டுக் கருவிகளிலிருந்து பிரித்தே வைக்கும்.

8. தமிழ்ப் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள்

கடையில் காட்சிக்கு வைத்த பிரிண்டர் இருந்தால், உங்கள் வீட்டில் உண்மையில் அச்சிடும் தமிழ்ப் பக்கம் ஒன்றை பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். வேர்டு கோப்பாகக் கொண்டுபோனால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வேறு எழுத்துருவில் வரும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பில் அந்தச் சிக்கல் இல்லை.

தாளைக் கையில் எடுத்ததும் முதலில் புள்ளிகளைப் பாருங்கள். மை மிச்சம் பிடிக்கும் டிராஃப்ட் முறையில் சிறிய எழுத்தின் புள்ளி மங்கி, க் என்பது க ஆகத் தெரியும். தமிழை இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் தப்பாகவே சொல்லிக்கொடுக்கும். பயிற்சித்தாளுக்கு எழுத்துரு அளவு 14-க்குக் குறையாமல், சாதாரணத் தரத்தில் அச்சிடுங்கள். டிராஃப்ட்டை ரசீதுக்கும் பேருந்து அட்டவணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. வாங்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திரும்பவா என்பதை நீங்களே கேட்கலாம்.

சென்னையிலிருந்து யாராவது வருகிறார்கள், அங்கே மலிவு என்று பிரிண்டரையோ மையையோ வாங்கிவரச் சொல்லாதீர்கள். மை எண்கள் நாட்டுக்கு நாடு மாறும்: இங்கே எப்சன் 103 என்று விற்பதற்கு இந்தியாவில் 003. கார்ட்ரிட்ஜ் வகையில் சிப்பிலேயே வட்டாரக் கட்டுப்பாடு வைத்திருப்பார்கள்; வேறு வட்டாரத்தினது என்று பிரிண்டர் மறுத்துவிடும். பிளக்கும் பொருந்தாமல் போகலாம், வாரண்டியும் இங்கே செல்லாது.

எச்பியில் மாடல் எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து ‘e’ இருந்தால் எச்பி பிளஸ் திட்டத்தை முன்வைக்கும். அதை ஏற்றால் பிரிண்டர் எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டும், அசல் மை மட்டுமே ஏற்கும். பின்னால் விலக முடியாது. புரியாமல் சம்மதம் தட்டாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் லேசர் வாங்கலாம். ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்தாலே நிலை தெரியும். பழைய டாங்க் பிரிண்டர் வேண்டாம். பஞ்சு எவ்வளவு நிறைந்திருக்கிறது, எந்த மையை ஊற்றினார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது, காரில் சாய்த்துக் கொண்டுவரும்போதே உள்ளே மை கொட்டியிருக்கலாம்.

10. முதல் நாள்: மை ஊற்றுவது

மின்வெட்டு அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மை ஊற்றியதும் குழாய்களில் மை ஏறப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் குழாயில் காற்று தங்கும்.

பிரிண்டரைச் சமமான மேசையில் வைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் நாடாக்களை எல்லாம் கழற்றுங்கள். பாட்டிலின் நிறத்தையும் டாங்கின் நிறத்தையும் இரண்டு முறை ஒப்பிடுங்கள். சில மாடல்களில் பாட்டில் வாய் அதன் நிறத்துக்கு மட்டும் பொருந்தும், சிலவற்றில் எதையும் எதிலும் ஊற்றிவிட முடியும். தப்பாக ஊற்றினால் பிரிண்டரை இயக்காமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். இயக்கினால் கலந்த மை ஹெட் வரை போய்விடும்.

முதல் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போகும். முதல் பாட்டில் சீக்கிரம் குறைந்தால் பயப்பட வேண்டாம்.

11. அதன் பிறகு: காயாமல் வைத்திருப்பது

வாரத்துக்கு ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு சிறு பக்கம் அச்சிடுங்கள். சில துளி மையில் முடியும் இந்தப் பழக்கம் ஹெட்டைக் காப்பாற்றும். கறுப்பு மட்டுமே அச்சிடும் வீடுகளில் மஞ்சளும் நீலமும் காய்வது இதைச் செய்யாததால்தான்.

கோடு விழுந்தால் உடனே சுத்தம் செய்யும் கட்டளையைத் தட்டாதீர்கள். முதலில் நாசில் சோதனைப் பக்கம். அதில் உடைந்த கோடு தெரிந்தால் மட்டும் ஒரு முறை சுத்தம், மறுபடி சோதனை. மூன்று முறைக்குள் சரியாகவில்லை என்றால் அணைத்து 12 மணி நேரம் விட்டுவிடுங்கள்; காய்ந்த மை ஊறி இளகவும் காற்றுக் குமிழி அடங்கவும் நேரம் வேண்டும். அடுத்தடுத்துத் தட்டினால் மை குறையும், பஞ்சு நிறையும், அடைப்பு அப்படியே இருக்கும்.

மை கீழ்க்கோட்டுக்கு வருமுன் ஊற்றுங்கள். கோட்டுக்குக் கீழே போய் அச்சிட்டால் குழாய்க்குள் காற்று போய்விடும், அதை வெளியேற்ற மீண்டும் மை வீணாகும்.

தாளுக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) போதும். டர்பன் மெரிபேங்க் ஆலையில் தயாராகும் ரோட்டட்ரிம் போன்ற சாதாரண அலுவலகத் தாளே நன்றாக ஓடும். கரையோர ஊர்களில் ரீமைத் திறந்தால் உறையை மடித்து மூடி, பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். தட்டில் அந்த வாரத்துக்கு வேண்டிய இருபது, முப்பது தாள் மட்டும் போதும். லெனேசியா பக்கம் குளிர்காலத்தில் தாளைத் தட்டில் வைக்குமுன் கட்டின் ஓரத்தை விசிறிபோல் விரித்து உதறுங்கள்.

உபரிப் பாட்டிலை உறை பிரிக்காமல், வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு கறுப்பு மட்டும் கையிருப்பில் இருந்தால் போதும். வண்ணப் பாட்டில்கள் டாங்க் கால்பங்குக்கு வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.